முச்சந்தியும் முட்டுச்சந்தும்: மதுரைத் தெருக்கள் கூறும் செய்தி

ஓர் ஊரின் தெருக்கள் ஒன்றோடொன்று எந்த அளவிற்கு இணைந்துள்ளன என்பதை அளந்தறிய நகரமைப்பு ஆய்வாளர்கள் எளியதொரு கணக்கைக் கையாளுகின்றனர். சந்திதோறும் எத்தனை வழிகள் கூடுகின்றன என்று எண்ணிச் சராசரி காண்பதே அது. இக்கணக்கு தமிழ்ச் சொற்களிலேயே அமைந்து கிடக்கிறது. நாற்சந்திக்கு நான்கு, முச்சந்திக்கு மூன்று, முட்டுச்சந்துக்கு ஒன்று. இரண்டு எனின் அது வெறும் வளைவே; அதனாற்றான் அதற்குச் சந்தி என்னும் பெயர் வாய்க்கவில்லை போலும்!

நான்கு நாற்சந்தி, நான்கு முச்சந்தி, இரண்டு முட்டுச்சந்து உடைய பகுதியின் சராசரி 3. ஒரு நாற்சந்தி, ஐந்து முச்சந்தி, நான்கு முட்டுச்சந்து எனில் 2.3. மாணவர்கள் தத்தம் தெருவைச் சுற்றி இதனை எண்ணிப் பார்க்கலாம்.

பழைய மதுரையில் சித்திரை, ஆவணி மூலம், மாசி என வீதிகள் கோயிலை நடுவாகக் கொண்டு ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்தன. குறுக்கே செல்லும் தெருக்கள் அவற்றைப் பிணைத்தன. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தபோது, வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அதே ஒழுங்கில் தோன்றின. விளக்குத்தூண் அவர் நினைவாக நிற்பது. நகரம் விரிந்தது, ஆயினும் இணைப்பு அறுபடவில்லை. இது எண்ணி வியத்தற்குரியது.

1875இல் இருப்புப்பாதை மேற்கே வந்தது. 1889இல் வைகையின் மீது ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பெற்றது. ஊர் ஆற்றைக் கடந்து கோரிப்பாளையத்திற்கு அப்பாலும் பரந்தது. 1971இல் மாநகராட்சியான மதுரை, 2011இல் 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது.

புறநகரின் கதை வேறு. வயலையோ தோப்பையோ வாங்குபவர் தம் எல்லைக்குள் மட்டும் தெருவிட்டு மனை பிரிக்கிறார். அடுத்தவரும் அவ்வாறே செய்கிறார். இரண்டு தெருக்களும் ஒரே மதிலின் இருபுறமும் வந்து முட்டி நிற்கின்றன. என் நண்பரொருவரின் வீட்டுப் பின்சுவரை ஒட்டியே பள்ளிக்கூடம். அவர் மகளோ நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டுதான் அங்குச் செல்ல வேண்டும்.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்னும் இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் புதிய தெருக்களின் இணைப்பு குன்றிவந்து, 1990களின் நடுவில் அடிமட்டத்தைத் தொட்டது. அதன்பின் ஓரளவு தேறியது. 2020இல் அவர்கள் உலகளவில் நோக்கியபோது, 1975க்குப் பின் பல நாடுகளில் இணைப்பு குறைந்திருக்கக் கண்டனர்.

வீட்டை இடித்துக் கட்டலாம். தெருவை மாற்றுதல் அரிது. மனைகள் பலர் பெயரில் பத்திரமாகிவிட்டபின் ஓரடி நிலம் பெறவும் எத்தனை கையொப்பங்கள்! அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவிற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016இல் தடை விதித்தது. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொணர்ந்தது. மனைக்கு ஆவணம் கிடைத்தது. முட்டி நின்ற தெருவிற்கு வழி கிடைக்கவில்லை. மனைப்பிரிவின் வரைபடம் ஒப்புதலுக்கு வரும் நாளே அதனைக் கேட்பதற்குரிய நாள். பக்கத்து நிலம் இன்னும் வயலாக இருக்கும்போதே, தெருவின் கடைசியில் மனை விடாது வழி விடும்படி ஊரார் கேட்கலாம். அன்று அதற்காகும் இழப்பு ஒரே ஒரு மனைதான்.