ரைஸ் பாலுக்கு என்ன அவசரம்?

அமெரிக்காவில் ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பால் ஆடும் பெண்களின் பெற்றோர் கூடினால் தவறாமல் எழும் கேள்வி: "உங்க பொண்ணு எத்தனை பிட்ச் போடுவா?" பத்து வயதுப் பிள்ளைக்கே ஐந்து வகை தெரியும் என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. டெக்சஸில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து மகளின் பந்துகளைப் பிடித்துவருகிற அப்பா நான். எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள் என்பேன். நினைத்த இடத்தில் விழும் ஃபாஸ்ட்பால், அதே கைவீச்சில் மெதுவாக வரும் சேஞ்சப், நிஜமாகவே திசைமாறும் இன்னொரு பந்து. இந்த மூன்றை வைத்தே நெடுந்தூரம் போகலாம்.

இரண்டாவதாகச் சேஞ்சப்தான் வரவேண்டும். 12 வயதுப் பிரிவில் பிட்ச்சருக்கும் பிளேட்டுக்கும் இடையே 40 அடி. மணிக்கு 50 மைல் வேகத்தில் வரும் பந்து ஏறக்குறைய அரை விநாடியில் வந்துவிடும். பேட்டர், பிட்ச்சரின் கைவேகத்தைப் பார்த்தே மட்டையைச் சுழற்றத் தொடங்குகிறாள். பந்து 10 மைல் குறைவாக வந்தால் அவள் கணக்கு தப்பும். ஆனால் கை மெதுவாகிவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். சிறிய கைகளுக்குப் புறங்கை முன்னே வரும்படி விடும் முறை எளிதாக வருவதைப் பார்த்திருக்கிறேன்.

"அப்பா, ரைஸ் பால் எப்போ?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருப்பாள். கொஞ்சம் பொறு, முதலில் டிராப் என்பேன். டிராப்புக்கு டாப் ஸ்பின் வேண்டும். புவியீர்ப்பும் கூடவே கைகொடுக்கும். ஃபாஸ்ட்பால் விடுகிற விதத்தில் சிறிது மாற்றம் செய்தாலே போதும். மேலெழுவதுபோல் வரும் ரைஸுக்கோ முழுக்க எதிர்ச்சுழற்சி, நல்ல வேகம் இரண்டும் தேவை. அவை இல்லாவிட்டால் நெஞ்சுயரத்தில் நேராக வந்து நிற்கும். அடிப்பவளுக்கு அதைவிட விருந்து வேறில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய அமெரிக்க அணியைப் பாருங்கள். மோனிகா அபட் 2012-ல் 77 மைல் வேகத்தில் வீசிச் சாதனை படைத்தவர். கேட் ஆஸ்டர்மனோ வேகத்தை நம்பியவரல்ல, அவர் பெயர் சொன்னது டிராப்தான். இருவர் ஆயுதமும் வேறு வேறு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கர்வ் வருகிறது என்பதற்காக உங்கள் பிள்ளைக்கும் அதுவே வேண்டும் என்பதில்லை.

எது அவள் கைக்கு வரும் என்று பந்தையே கேட்கலாம். பந்தைச் சுற்றி ஒரே கோடாகக் கறுப்பு டேப் ஒட்டி, கோடு செங்குத்தாக நிற்கும்படி பிடித்து டிராப் போடச் சொல்லுங்கள். பிடிக்கிற இடத்திலிருந்து பார்த்தால், சுழற்சி சரியாக இருக்கும்போது கோடு அசையாமல் நிற்கும். மின்விசிறி இறக்கைபோலச் சுற்றினால் அது தோட்டாச் சுழற்சி. என்ன பெயர் வைத்தாலும் அந்தப் பந்து கீழிறங்காது. பெயரை மாற்றுவதைவிட மணிக்கட்டைத் திருத்துவது அவசியம்.

கேட்சரையும் மறக்கக் கூடாது. மூன்றாம் ஸ்ட்ரைக்கைக் கேட்சர் பிடிக்கத் தவறினால், முதல் பேஸ் காலியாக இருக்கும்போது பேட்டர் அங்கே ஓடலாம். மண்ணில் குத்தும் டிராப்பை உடம்பால் தடுக்கத் தெரிந்தவள் பின்னால் இல்லையென்றால், அழகான ஸ்ட்ரைக்-அவுட்டும் வீணாகும். அதனால் பயிற்சியில் இருவரையும் சேர்த்தே நிறுத்துங்கள்.

புதிய பந்தைப் பயிற்சியில் பத்துக்கு ஏழு முறை சரியாகப் போடும்வரை மேட்சில் கேட்க மாட்டேன். கேட்கும் முதல் தடவை, இரண்டு ஸ்ட்ரைக் விழுந்து ஒரு பாலும் போகாத நேரமாக, மூன்றாம் பேஸில் ஆளில்லாத சமயமாக இருக்கட்டும். தவறினாலும் ஒரு பால்தான் போகும்.