மூட்டைக்குக் காவல் இருக்கவா டிக்கெட் எடுத்தே, அம்மிணி?

எந்தத் தண்ணீர்ப் பார்க்குக்குப் போனாலும் லாக்கர் பக்கத்துல ஒரு பெஞ்ச் இருக்கும். அதுல நாலு பை, ஈரத்துண்டு, ஒரு குவியல் செருப்பு, நடுவுல ஒரு அம்மா. முழு டிக்கெட் எடுத்து உள்ளே வந்தவங்க, பொழுதோட வரைக்கும் கால்கூட நனைக்காம வீட்டுக்குப் போவாங்க. நீ அப்படி உட்காரக் கூடாதுன்னுதான் இந்த டிப்ஸ் எல்லாம். பாதி வேலையை வீட்டுலயே முடிச்சுட்டா, அங்கே போய் நீயும் குழந்தைகளோட சறுக்கலாம்.

முதல்ல எங்கேன்னு முடிவு பண்ணு

"ராட்டினமும் இருக்கணும், புலியும் இருக்கணும்"னு குழந்தைங்க கேப்பாங்க. நம்ம பக்கத்துல ரெண்டும் ஒரே காம்பவுண்டுல நல்லபடியா அமையறது கஷ்டம். ராட்டினச் சத்தமும் கூச்சலும் மிருகங்களுக்கு ஆகாது. அதுங்களுக்கு இடமும் நிறைய வேணும். சென்னையில சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல இருந்த மிருகக்காட்சி சாலை இடம் பத்தாமத்தான் 1985-ல வண்டலூருக்குப் போச்சு. அங்கே இப்போ 602 ஹெக்டேர். கோவை வ.உ.சி. பூங்காவுல மிருகம் பார்க்கலாம்னு பழைய ஞாபகத்துல கிளம்பிடாதே. இடவசதி போதலைன்னு அதோட அங்கீகாரத்தை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022-ல ரத்து பண்ணிடுச்சு.

ஈரோட்டுல இருந்து பார்த்தா மூணு வழி இருக்கு.

தண்ணீர் விளையாட்டுன்னா மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். பெருந்துறை, அவிநாசி, கருவலூர், அன்னூர் வழியா ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நேரமே கிளம்பினா பார்க் திறக்கறதுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடலாம். நீலகிரி எக்ஸ்பிரஸ் ஈரோட்டுல நிக்கும், ஆனா அது வர்றது நடுராத்திரி தாண்டி. தூங்கற குழந்தையைத் தூக்கிக்கிட்டு அதுல ஏறி, விடியக்காலையில மேட்டுப்பாளையத்துல இறங்கி, பார்க் திறக்கற வரைக்கும் எங்கே உட்காருவே? கார் இல்லைன்னா பகல்ல கோவை போய், அங்கிருந்து பஸ்ஸோ மேட்டுப்பாளையம் பாசஞ்சரோ பிடி.

மிருகம் மட்டும் போதும்னா சேலம் குரும்பப்பட்டி. சேர்வராயன் மலை அடிவாரத்துல வனத்துறை நடத்தற பூங்கா, 1981-ல ஆரம்பிச்சது. ஈரோட்டுல இருந்து சேலத்துக்கு ரயில்ல ஒரு மணி நேரம்தான். மான், முதலை, மயில், ஆமைன்னு நிதானமாப் பார்க்கலாம். மூணு வயசுப் பாப்பாவுக்கும் எழுபது வயசு அப்பத்தாவுக்கும் ஒரே நாள்ல ஒத்துவர்ற இடம் இதுதான்.

ரெண்டுமே வேணும்னா மைசூரு. அங்கே கே.ஆர்.எஸ். ரோட்டுல ஜி.ஆர்.எஸ். ஃபேன்டஸி பார்க் இருக்கு. ஊருக்குள்ளேயே 1892-ல தொடங்கின பழைய மிருகக்காட்சி சாலை இருக்கு. ஒட்டகச்சிவிங்கியும் கொரில்லாவும் அங்கே பார்க்கலாம். ஆனா இது ஒரு ராத்திரி தங்கற பயணம். ஒரே நாள்ல ரெண்டையும் அடைச்சா எதையும் பார்த்த மாதிரி இருக்காது. முதல் நாள் மத்தியானம் ராட்டினம், மறுநாள் காலையில மிருகங்கள். இந்த வரிசைதான் சரி.

எந்த நாள் போகணும்?

செவ்வாய்க்கிழமையை முதல்ல காலண்டர்ல அடிச்சுடு. குரும்பப்பட்டி, வண்டலூர், மைசூரு மூணுக்குமே அன்னைக்குத்தான் வார விடுமுறை. விசேஷ நாள்ல இது மாறலாம், அதனால கிளம்பறதுக்கு முந்தின நாள் ஒரு போன் போட்டுக்கோ.

பார்க்குக்குன்னா புதன், வியாழன் நல்லது. ஜனவரி, பிப்ரவரியில வார நாள்லகூட பள்ளிக்கூட டூர் பஸ் வரிசையா நிக்கும். மே மாசம் போனா ஊட்டி வண்டிகளோட வண்டியா மேட்டுப்பாளையத்துல நிக்கணும். அந்த மாசம்தான் போக முடியும்னா சனி, ஞாயிறை விட்டுடு. அடிவாரத் தண்ணி நம்ம ஊர்த் தண்ணி மாதிரி இருக்காது, மழை மாசத்துல ஜில்லுன்னு இருக்கும். சளி பிடிக்கற பிள்ளைகளுக்குக் கார்த்திகை, மார்கழி வேண்டாம்.

மாதவிலக்கு தேதியையும் கணக்குப் போட்டுக்கோ. நாப்கின் தண்ணியில உப்பிடும், பயன்படாது. கப் பழகியிருந்தா பிரச்சினை இல்லை. இல்லைன்னா தேதியைத் தள்ளி வை. புருஷன்கிட்டச் சொல்றதுக்கு என்ன கூச்சம்?

உடுப்பு: ஈரோட்டுக்காரிக்கு இதுல கவலையே இல்லை

தண்ணீர்ப் பார்க்குகள்ல பெரும்பாலும் பருத்தித் துணியோட குளத்துல இறங்க விடமாட்டாங்க. பருத்தி தண்ணி குடிச்சுக் கனத்துப் போகும், பிசிறு வடிகட்டியில போய்ச் சிக்கும். நைலான், பாலியஸ்டர், லைக்ரா மாதிரி துணி வேணும். அங்கே வாடகைக்கும் கிடைக்கும், ஆனா அளவு சரியா அமையாது. கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையில திங்கள் ராத்திரியிலிருந்து செவ்வாய் வரைக்கும் ஒரு சுத்து சுத்தினா முழுக்கை டீ-சர்ட்டும் லெக்கின்ஸும் கட்டுப்படியான விலைக்கு வாங்கிடலாம். முழுக்கை இருந்தா வெயிலும் தோலைச் சுடாது.

நிறத்துல ஒரு விஷயம் இருக்கு. நீலமும் வெள்ளையும் வேண்டாம். அலைக்குளத்துல தரையும் நீலம், நுரையும் வெள்ளை. குழந்தை ஒரு நொடி முங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. பளிச்சுன்னு ஆரஞ்சு, கிளிப்பச்சை, ரோஸ் எடு. எல்லாக் குழந்தைக்கும் ஒரே நிறத்துல எடுத்துட்டா கூட்டத்துல எண்ணிப் பார்க்கறதும் சுலபம்.

துடைக்க டர்க்கி டவல் எடுத்துட்டுப் போகாதே. ஒண்ணு நனைஞ்சாலே ஒரு கிலோ கனக்கும், திரும்பி வர்ற வரைக்கும் காயாது. ஈரிழைத் துண்டு ஆளுக்கு ரெண்டு மடிச்சு வை. பிழிஞ்சு உதறி கார் ஜன்னல் ஓரம் போட்டா, நாம சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள காஞ்சுடும். வெயிலுக்குத் தலையில போட்டுக்கலாம், தூங்கற பாப்பாவுக்குப் போத்திவிடலாம்.

நகை வேண்டவே வேண்டாம்

தாலிக்கொடியை வீட்டு பீரோவுல வெச்சுட்டு மஞ்சக்கயிறு போட்டுக்கிட்டு வா. பெரியவங்க ஏதாவது சொன்னா, "சறுக்குல வேகமா வரும்போது கொடி மாட்டினா கழுத்துதான் அறுபடும்"னு எடுத்துச் சொல்லு, புரிஞ்சுக்குவாங்க. தொங்கட்டான், கொலுசு, மோதிரம் எதுவும் வேண்டாம். தண்ணியில விரல் சுருங்கி மோதிரம் தானா கழண்டுடும். பாப்பாவுக்குக் கூர்மையான ஹேர்பின் குத்தாதே, ரப்பர் பேண்டு போட்டுப் பின்னி விடு. எல்லாருக்கும் முந்தின நாள் நகம் வெட்டிடு.

உயரத்தை வீட்டுலயே அள

நிறைய பார்க்குல குழந்தை டிக்கெட்டுக்கு வயசைக் கேக்கமாட்டாங்க, உயரத்தைத்தான் பார்ப்பாங்க. பெரிய சவாரிகளுக்கும் உயரக் கணக்குதான். கதவு நிலையில பென்சில் கோடு போட்டு செருப்பில்லாம அளந்துக்கோ. அரை மணி நேரம் வரிசையில நின்னு, அளவுகோல் கிட்டப் போனதும் திருப்பி அனுப்பினா தம்பி அழுவான். "இந்த வருசம் இது, அடுத்த வருசம் அது"ன்னு வீட்டுலயே சொல்லிக் கூட்டிட்டுப் போனா தகராறு இல்லை. சந்துல நுழைச்சு ஏத்திவிட நினைக்காதே. சீட்டுல பிடிக்கற கம்பியும் பெல்ட்டும் அந்த உயரத்துக்குன்னு செஞ்சது. சின்ன உடம்பு அதுல நழுவிடும்.

கர்ப்பமா இருக்கறவங்க, இதய நோய், ரத்த அழுத்தம், வலிப்பு, கழுத்து-முதுகு வலி இருக்கறவங்க வேகமான சவாரிகள்ல ஏறக் கூடாது. நாள் தள்ளிப்போயிருக்குமோன்னு சந்தேகம் இருந்தாக்கூட ஏறாதே.

சாப்பாடும் வாந்தியும்

வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டாங்க. கைக்குழந்தை உணவை மட்டும் பெரும்பாலும் விடுவாங்க. அதனால காலையில இட்லி கொடுத்துட்டு, போசியில தக்காளி சாதமும் தயிர் சாதமும் கார்லயே வெச்சுடு. வெளியே போயிட்டுத் திரும்ப உள்ளே விடுவாங்களான்னு டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கோ. விடலைன்னா மத்தியானம் உள்ளேயே வாங்கிக்கோ, வெயில்ல கார்ல இருந்த சாதத்தைச் சாயங்காலம் கொடுக்காதே. கல்லக்காய் உருண்டையும் கச்சாயமும் வெயில்ல கெடாது, வழிக்கு வெச்சுக்கோ.

சுத்தற சவாரி எல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடி. சாப்பிட்டு முக்கால் மணி நேரம் மிதவை ட்யூப், குட்டிக் குளம். குமட்டல் ஏன் வருதுன்னா, காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு ஒண்ணு சொல்லும், கண்ணு வேற ஒண்ணு சொல்லும், மூளை குழம்பிடும். மைசூரு போற வழியில திம்பம் மலைப்பாதையோட 27 கொண்டை ஊசி வளைவுலயும் இதேதான். குழந்தை கையில போனைக் கொடுத்து வீடியோ பார்க்க விட்டா மூணாவது வளைவுலயே வாந்தி. ஜன்னல் வழியா தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லு. அடிக்கடி வாந்தி எடுக்கற பிள்ளையா இருந்தா டாக்டர்கிட்டக் கேட்டு, கிளம்பறதுக்கு அரை மணி முன்னாடி மாத்திரை கொடு.

அந்தத் திம்பம் வழி சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள்ள போகுது. பண்ணாரி தாண்டினா யானை ரோட்டுக்கு வரும். போட்டோ எடுக்கக் காரை விட்டு இறங்கவே கூடாது. ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கு, அதனால திரும்பும்போது வெளிச்சத்துலயே மலை இறங்கற மாதிரி மைசூருல கிளம்பு.

தண்ணியில கைக்கெட்டற தூரம்

அலைக்குளத்துல பாதுகாவலர் இருக்கார்தானேன்னு அசந்துடாதே. முங்கற குழந்தை சினிமாவுல வர்ற மாதிரி கத்தாது, கையை வீசாது; சத்தமே இல்லாம உள்ளே போயிடும். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவங்க, கை நீட்டினா தொடற தூரத்துல. ரெண்டு குழந்தை, ஒரு பெரியவங்கன்னா முட்டிக்கு மேல தண்ணிக்குள்ள போகாதே.

உன் போன் நம்பரைக் குழந்தை கையில அழியாத மார்க்கர்ல எழுதி, காஞ்சதும் மேல நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு தடவை பூசிவிடு. நாள் முழுக்கத் தண்ணியில ஊறினாலும் சீக்கிரம் அழியாது. உள்ளே போனதும் அன்னைக்குப் போட்ட உடுப்போட ஒரு போட்டோ எடுத்துக்கோ. தொலைஞ்சா "ஆரஞ்சு சட்டையா, பச்சையா"ன்னு பதற வேண்டியதில்லை. எங்கே நின்னு காத்திருக்கணும்னு ஒரு இடத்தையும் காட்டிடு. குழந்தைகள் உதவி எண் 1098, போன்ல பதிஞ்சு வை.

மிருகம் பார்க்கற நாள்

திறந்ததும் உள்ளே போயிடு. வெயில் ஏறினா எல்லா மிருகமும் நிழல்ல படுத்துடும். அப்புறம் "புலி எங்கே"ன்னு கேக்கற பாப்பாவுக்கு வாலைத்தான் காட்டணும். எல்லாக் கூண்டையும் ஓடிப் பார்க்க வேண்டாம். ஒரு இடத்துல பத்து நிமிசம் பேசாம நில்லு. முதலை கண்ணை மட்டும் வெளியே வெச்சு மிதக்கறதையும், மான் காதைத் திருப்பித் திருப்பிக் கேக்கறதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

பிஸ்கட் போடறது, கல் எறியறது, சீண்டறது, கத்தறது, குப்பை போடறது எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட 38-ஜே பிரிவுல தடை. குரங்குக்கு ஒரு சிப்ஸ் போட்டா என்ன ஆகும்னு கேக்கற சித்தப்பாவுக்கும் இதைச் சொல்லிடு. பிளாஸ்டிக் கவரை வாசல்லயே வாங்கிடுவாங்க, அதனால துணிப்பையும் எவர்சில்வர் பாட்டிலும் போதும்.

மிருகம் பார்த்த ஆசை அடங்கலைன்னா நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை வெள்ளோடு போ. ஈரோட்டுல இருந்து 15 கிலோமீட்டர்தான். முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல 2022-ல சேர்ந்த பறவைகள் சரணாலயம், கூண்டே இல்லாம பார்க்கலாம்.

வேலையைப் பிரிச்சுக் கொடு

கார்லயே பேசி முடிச்சுடு. லாக்கர் சாவி வீட்டுக்காரர் கையில. டிக்கெட், பணம், போன் எல்லாம் ஒரே நீர்புகாப் பையில. மத்ததெல்லாம் லாக்கருக்குள்ள, வெளியே பை ஒண்ணுகூட இருக்கக் கூடாது. காவல் காக்கப் பொருளே இல்லைன்னா யாரும் காவல் உட்கார வேண்டியதில்லை. சின்னதை ஒரு மணி நேரம் நீ பாரு, அடுத்த மணி நேரம் அவர் பார்க்கட்டும்.

உன் மாமியாரை மூட்டைக்காகக் கூட்டிட்டுப் போகாதே. தண்ணீர்ப் பார்க் அவங்களுக்குப் பிடிக்கலைன்னா குரும்பப்பட்டி நாளுக்குக் கூப்பிடு. வந்தாங்கன்னா காலாவது நனைக்க வை, மிதவை ட்யூப்புல உட்கார வெச்சு ஒரு சுத்து தள்ளிட்டு வா.

திரும்பி வந்ததும்

கிளம்பறதுக்கு முன்னாடியே நல்ல தண்ணியில ஒரு குளியல் போட்டுடுங்க, குளோரின் தோல்ல தங்கினா அரிக்கும். காதுல தண்ணி போயிருந்தா தலையைச் சாய்ச்சு வடிய விடு, பட்ஸ் விடாதே. எவ்வளவு தூக்கம் வந்தாலும் ஈரத்துணியைக் கவர்லயே விட்டுடாம, அன்னைக்கு ராத்திரியே சாதாத் தண்ணியில அலசிப் போடு. இல்லைன்னா லைக்ரா அடுத்த தடவைக்குத் தாங்காது. போறதைக் கடைசி லீவு நாளுக்கு வைக்காம, மறுநாளும் லீவு இருக்கற மாதிரி பார்த்துக்கோ. ஆடின கால் உனக்கும் வலிக்கும், அன்னைக்குச் சமையலுக்கு லீவு விடு.