ஊமத்தை மகரந்தம் காட்டிய புதுவழி

சிவராத்திரி நாளில் பவானிபூர்ப் பூக்கடைகளில் ஊமத்தைப் பூவைக் காணலாம். வங்காளிகள் அதனைத் ‘துதுரா’ என்பர். அச்செடி முழுவதும் நஞ்சுடையது; உண்ணலாகாது. ஆயினும், அதன் மகரந்தம் அறிவியலுக்குப் புதுவழி காட்டியது.

பூவின் மகரந்தப்பையில் உள்ள தாய்ச்செல் ஒவ்வொன்றும் குன்றல் பகுப்படைந்து நான்கு நுண்வித்துகளைத் தரும். அப்போது குரோமோசோம்களின் எண்ணிக்கை பாதியாகும். ஊமத்தையின் உடற்செல்லில் 24 குரோமோசோம்கள், நுண்வித்தில் 12. நுண்வித்து மகரந்தத் துகளாக முதிரும்போது சமமற்ற இரு செல்களாகப் பிரிகிறது. பெரிய செல் மகரந்தக்குழலாக நீண்டு சூலை அடையும். சிறிய செல் மீண்டும் பிரிந்து இரண்டு விந்துச்செல்களாகும். அவற்றுள் ஒன்று முட்டையுடன் இணைந்து கருவாகும். மற்றொன்று அக்கருவுக்கு உணவாகும் கருவூண் திசுவைத் தோற்றுவிக்கும். ஆதலால் விதை உருவாக விந்துச்செல்கள் இரண்டும் தேவை.

சிறிய செல்லைப் பிரியச் செய்வது எது? 2005ஆம் ஆண்டு, அராபிடாப்சிஸ் என்னும் சிறுசெடியை ஆராய்ந்தோர் ‘டுவோ 1’ என்னும் மரபணு பற்றி வெளியிட்டனர். அது பழுதுற்றால் சிறிய செல் பிரியாது ஒன்றாகவே நின்றுவிடும், கருவுறுதலும் நிகழாது. விந்துச்செல்லுக்கு வேண்டிய பிற மரபணுக்களை இயக்குவதும் அதுவே.

மகரந்தத்திற்கு மற்றொரு வழியும் உண்டு என்பதைக் கண்டவர் கொல்கத்தாவில் 1938இல் பிறந்த சிப்ரா குகா முகர்ஜி. அவர் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சதீஷ் சந்திர மகேஸ்வரியுடன் பணியாற்றினார். குன்றல் பகுப்பை அறியும் பொருட்டு, ஊமத்தையின் மகரந்தப்பைகளை ஊட்டக்கூழில் வளர்த்தார். பைகளிலிருந்து சிறு கருக்கள் வெளிவந்தன! எதிர்பாராத அதனை அவர் புறக்கணிக்கவில்லை. 1964இல் இருவரும் அதனை வெளியிட்டனர். அக்கருக்கள் மகரந்தத் துகள்களிலிருந்தே தோன்றியவை என்பதைப் பின்னர் உறுதி செய்தனர்.

துகள் ஒன்றே, வழிகள் இரண்டு. மரபணுக்கள் மாறவில்லை; எவை, எப்போது இயங்குகின்றன என்பதே மாறியது. இம்முறை இன்று நெல், கோதுமை ஆகியவற்றில் புதிய வகைகளை விரைந்து உருவாக்க உதவுகிறது.

சொற்பொருள்
சூல் – விதையாக மாறும் பகுதி
குன்றல் பகுப்பு – குரோமோசோம்களைப் பாதியாக்கும் செல்பிரிவு
ஊட்டக்கூழ் – ஆய்வகத்தில் திசுக்களை வளர்க்கும் சத்துப்பொருள்

பயிற்சி
அ) கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஊமத்தையின் நுண்வித்தில் உள்ள குரோமோசோம்கள் ______.
2. ஊமத்தையின் வங்காளப் பெயர் ______.

ஆ) பிரித்து எழுதுக.
1. இம்முறை 2. சிறுசெடி

இ) விடையளி.
1. விதை உருவாக இரண்டு விந்துச்செல்கள் ஏன் தேவை?
2. ‘டுவோ 1’ பழுதுற்றால் என்ன நிகழும்?
3. எதிர்பாராத முடிவைச் சிப்ரா புறக்கணித்திருந்தால் என்ன இழந்திருப்போம்? ஐந்து வரிகளில் எழுதுக.