ஏஐ உதவியாளருக்கு மூச்சு முட்டுகிறதா?

காலண்டர், கிட்ஹப், டேட்டாபேஸ் என்று, உதவியாளருக்கு வெளி டூல்களைத் தரும் எம்சிபி சர்வர்களை வரிசையாக இணைத்துவிட்டீர்கள். நீங்கள் ‘வணக்கம்’ சொல்லும் முன்பே கான்டெக்ஸ்டில், அதாவது மாடல் ஒரே நேரத்தில் பார்க்கும் இடத்தில், பாதி தீர்ந்திருக்கலாம்!

1. முதலில் அளந்து பாருங்கள். கிளாட் கோடில் சாய்கோடு போட்டு ‘கான்டெக்ஸ்ட்’ என்று தட்டினால், எது எத்தனை டோக்கன் தின்கிறது என்று தெரியும்.

2. இன்றைக்கு வேண்டாத சர்வரை அணைத்து வையுங்கள். ‘டூல் சர்ச்’ (எண் 4) இல்லாதபோது, ஒரு டூலைக் கூப்பிடாவிட்டாலும் அதன் பெயர், விளக்கம், உள்ளீட்டு விவரம் எல்லாம் ஒவ்வொரு முறையும் மாடலுக்குப் போகும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

3. சர்வரை முழுசாக இறக்காதீர்கள். கிட்ஹப் சர்வரில் டூல்செட் வாரியாகத் தேர்ந்தெடுக்கலாம். இஷ்யூ மட்டும் பார்ப்பவருக்கு மற்றவை எதற்கு?

4. ‘டூல் சர்ச்’ வசதி இருந்தால் போடுங்கள். தேவையான டூலின் விவரம் மட்டும் அந்த நேரத்தில் வரும். இருப்பதே நாலைந்து டூல்தான் என்றால் வேண்டாம், தேடுகிற வேலைதான் மிச்சம்.

5. பதிலையும் அளவாகக் கேளுங்கள். ‘கடைசி 10 வரி போதும்’ என்று சொல்லாவிட்டால், ஆயிரம் வரி வந்து கொட்டி, மிச்சம் பிடித்த இடத்தையெல்லாம் அடைத்துவிடும்.

எல்லாம் மாற்றியபின் புது உரையாடலைத் தொடங்குங்கள். பழையதில் வந்து சேர்ந்த பதில்கள் அப்படியேதான் கிடக்கும்.