கிராம நூலகமும் உழவரின் டிஜிட்டல் பயிற்சியும்

உழவு செய்தியை நம்பிய தொழில். மழை எப்பொழுது வரும், நல்ல விதை எங்கே கிடைக்கும், சந்தையில் என்ன விலை போகும் என்று ஆராயாமல் ஏரைப் பூட்டிய குடியானவர் எக்காலத்தும் இலர். முன்னாளில் இச்செய்திகள் பஞ்சாங்கத்தின் வாயிலாகவும், ஊர்ப் பெரியோரின் அனுபவத்தின் வாயிலாகவும், பின்னர் கிராம சேவகர், வானொலி ஆகியோர் வாயிலாகவும் வந்து சேர்ந்தன. இப்பொழுது அவை பெரும்பாலும் கைப்பேசித் திரையின் வழியே வருகின்றன. செய்தி மட்டுமன்று, உரிமையும் அவ்வழியே வருகின்றது. 2019 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக உழவரின் வங்கிக் கணக்கிற்குச் செல்கின்றது. ஆனால் மின்னணு முறையில் அடையாளம் சரிபார்க்கப்படாவிடின் தவணை நின்றுவிடும். ஆதலின், திரையை இயக்கத் தெரியாத உழவர், தம் பெயரிலேயே உள்ள திட்டத்திற்கு வெளியே நிற்க நேர்கின்றது.

கருவி இல்லாமை ஒரு குறை. கருவி இருந்தும் பயன்படுத்தத் தெரியாமை மற்றொரு குறை. 2017-18இல் நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி, நாட்டின் கிராமக் குடும்பங்களில் 100க்கு ஏறத்தாழ 4 குடும்பங்களிடமே கணிப்பொறி இருந்தது. இணைய வசதி ஏறத்தாழ 15 குடும்பங்களுக்கு இருந்தது. அதன்பின் திறன்பேசி பெருவேகத்தில் பரவியது. எனினும் பேசுவதற்கும் படக்காட்சி பார்ப்பதற்கும் பழகிய விரல், விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்புவதற்குத் தானே பழகிவிடுவதில்லை.

இக்குறையைப் போக்க மத்திய அரசு 2017இல் பிரதம மந்திரி கிராமீண டிஜிட்டல் சாட்சரதா இயக்கத்தைத் தொடங்கியது. குடும்பத்திற்கு ஒருவராக 6 கோடிப் பேருக்கு, ஒவ்வொருவருக்கும் 20 மணி நேரப் பாடம் என்பது அதன் ஏற்பாடு. 2024 மார்ச்சு முடிவில் இயக்கம் நிறைவுற்றபொழுது 6 கோடிக்கு மேற்பட்டோர் பயிற்சி பெற்றிருந்தனர். இது சிறிய செயலன்று. ஆயினும் 20 மணி நேரத்தில் கற்றதை ஆறு மாதம் தொடாமல் விட்டால் என்னவாகும் என்பதை எழுத்தறிவு வகுப்பு நடத்திய எந்த ஆசிரியரும் அறிவர். முதியோர் கல்வியில் கையெழுத்திடக் கற்றவர் பலர், படிப்பதற்கு ஒன்றும் கிடைக்காமையால், மீண்டும் கைநாட்டுக்குத் திரும்பினர் அன்றோ? டிஜிட்டல் திறனும் அத்தகையதே. கற்றதை அடிக்கடி பழகுவதற்கும், மறந்ததைக் கூச்சமின்றிக் கேட்பதற்கும் ஊருக்குள் ஓர் இடம் வேண்டும். அவ்விடமாக அமையத் தக்கது நூலகம்.

நூலகம் படித்தவர்க்கே உரியது என்னும் எண்ணம் இந்திய நூலக வரலாற்றோடு பொருந்துவதன்று. பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1910இல் அமெரிக்க நூலகர் வில்லியம் ஆலன்சன் போர்டனை வரவழைத்து நூலக அமைப்பை நிறுவியபொழுது, நூற்பெட்டிகள் ஊர் ஊராக அனுப்பப்பட்டன. எழுத்தறியாதாருக்கு ஒளிப்படக் காட்சிகளும் நடத்தப்பட்டன. 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. கேரளத்தில் பி. என். பணிக்கர் 1945இல் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலா சங்கம், பிற்காலத்தில் எழுத்தறிவு இயக்கத்தின் முதுகெலும்பாயிற்று. படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுவது இந்நூலகங்களின் பழைய தொண்டு. இன்று ஏட்டின் இடத்தில் திரை வந்திருக்கின்றது.

கர்நாடகத்தின் அண்மைக் கால ஏற்பாடு இவ்விடத்தில் கருதத்தக்கது. அம்மாநிலத்தில் 5,000க்கும் மேற்பட்ட கிராமப் பஞ்சாயத்து நூலகங்கள் 2019இல் பொது நூலகத் துறையிலிருந்து ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்து ராஜ் துறைக்கு மாற்றப்பட்டன. பின்னர் அவை ‘அரிவு கேந்திரம்’ எனப் பெயர் பெற்றன. கன்னடத்தில் ‘அரிவு’ என்பது நம் ‘அறிவு’ என்ற சொல்லே. பலவற்றில் புத்தக அலமாரியின் பக்கத்தில் கணிப்பொறியும் திறன்பேசியும் இடம்பெற்றன. நூலகம் பஞ்சாயத்தின் பொறுப்பிற்குள் வந்தமையால், கட்டடம், மின்சாரம், இணைய இணைப்பு ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு வழி பிறந்தது. அலுவலக மாற்றம் என்று எளிதாக ஒதுக்கிவிடத்தக்க இதுவே அங்கு நிகழ்ந்த முக்கியமான மாறுதல் எனலாம்.

பொதுச் சேவை மையங்கள் இருக்க, நூலகம் எதற்கு என்று சிலர் வினவுவர். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2002இல் தொடங்கிய அட்சயா திட்டம் இதற்கு விடை தருகின்றது. வீட்டிற்கு ஒருவருக்குக் கணிப்பொறிப் பயிற்சி அளிப்பது அதன் முதல் நோக்கம். பயிற்சி முடிந்தபின் அம்மையங்கள் கட்டணம் பெற்றுப் படிவம் நிரப்பித் தரும் சேவை நிலையங்களாக நிலைத்தன. அச்சேவை இன்றியமையாதது, அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் சேவை மையம் வேலையை முடித்துத் தருகின்றது; நூலகமோ வேலையைச் செய்யக் கற்பிக்க வேண்டியது. முன்னதில் வரிசை நீளும்போது பின்னால் நிற்பவர் பொறுமை இழப்பர். பின்னதில் உழவர் பிழையாக அழுத்தி, அழித்து, மீண்டும் அழுத்துவதற்குக் காலம் உண்டு.

இனி, கற்பிக்கும் முறையைக் காண்போம். கணிப்பொறியின் உறுப்புகளைப் பெயர் சொல்லித் தொடங்குவது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருந்தலாம். ஐம்பது வயது உழவருக்குப் பொருந்தாது. அவர் நாளைக்குச் செய்யவிருக்கும் வேலையிலிருந்து தொடங்குதல் வேண்டும். இதற்கு வானிலை அறிக்கையைவிடச் சிறந்த பாடம் இல்லை. 2019இல் வெளிவந்த மேகதூத் செயலியில் மாவட்ட வானிலைக் கணிப்பும், வாரத்தில் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களில் வேளாண் அறிவுரையும் கிடைக்கின்றன. 2024 அக்டோபர் 24 முதல் கிராமப் பஞ்சாயத்து அளவிலேயே ஐந்து நாள் கணிப்பு வெளியிடும் ஏற்பாடும் தொடங்கியுள்ளது.

செயலியைத் திறப்பது அரை மணிப் பாடம். அறிக்கையைப் பொருள் கொள்வதே உண்மையான பாடம். ‘கனமழை’ என்பது பேச்சு வழக்கில் பெருமழையைக் குறிக்கும். வானிலைத் துறையின் வழக்கிலோ 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வதற்கே அப்பெயர். 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேற்பட்டது அதிகனமழை. நிறங்களுக்கும் பொருள் உண்டு. பச்சை நிறமாயின் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் கவனித்திருக்கவும், ஆரஞ்சு ஆயத்தமாயிருக்கவும், சிவப்பு உடனே செயற்படவும் கூறுகின்றது. ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால், அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கிற்கு மேற்படாத இடங்களில் பெய்யும் என்பது கருத்து. இதனை அறியாத உழவர், தம் வயலில் மழை வீழாதபொழுது அறிக்கை பொய் என்று முடிவு கட்டுவார். அடுத்த முறை மெய்யாகவே சிவப்பு எச்சரிக்கை வரும்போதும் அதனைப் பொருட்படுத்தார். மருந்து தெளித்த மாலையே மழை பெய்து கழுவிச் செல்லுமாயின், மருந்தின் விலையும் கூலியும் ஒருங்கே போகும். மேலுரமாக இட்ட யூரியாவுக்கும் அதே கதி.

மில்லிமீட்டர் என்னும் அளவை மனத்தில் பதிய வைக்க, பள்ளி ஆசிரியர் ஒரு கணக்கைத் துணைக்கொள்ளலாம். ஓர் ஏக்கர் நிலத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர் வீழ்கின்றது. கனமழையின் கீழெல்லையான 64.5 மில்லிமீட்டருக்கு அது 2 லட்சத்து 60 ஆயிரம் லிட்டராகும். தம் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடினால் அவ்வளவு நீர் இறைக்கும் என்று உழவர் உடனே மனக்கணக்குப் போடுவார். அதன்பின் அறிக்கையின் எண் அவருக்குச் சொந்தமாகிவிடும்.

இரண்டாம் பாடம் காலக்கெடு உடையது. 2016இல் தொடங்கிய பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற வட்டார இடர்களால் தனி வயலில் சேதம் நேர்ந்தால் 72 மணி நேரத்திற்குள் தெரிவித்தாக வேண்டும். செயலியின் வழியே படத்துடன் தெரிவிக்கலாம். 14447 என்னும் எண்ணில் பேசியும் தெரிவிக்கலாம். வட்டாரம் முழுவதிலும் விளைச்சல் குறைந்தால் பயிர் அறுவடைச் சோதனையின்படி இழப்பு கணக்கிடப்படும். அதற்குத் தனித் தகவல் வேண்டுவதில்லை. இவ்வேறுபாடு தெரியாமல் காலம் தவறியவர்களின் இழப்பைப் பின்னர் எவராலும் மீட்க இயலாது. புயல் வந்தபின் கற்பிக்கத் தொடங்கினால் அந்த 72 மணி நேரம் பயிற்சியிலேயே கழிந்துவிடும். ஆகையால் விதைப்புக் காலத்திலேயே, நூலகத்தில் ஒருமுறை ஒத்திகை பார்த்துவைத்தல் நலம்.

மோசடியைத் தடுக்கும் பாடத்தையும் பின்னுக்குத் தள்ளலாகாது. கிசான் திட்டத்தின் பெயரால் போலிச் செயலிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பணம் பறிப்போர் உளர். ஒருமுறைக் கடவெண்ணைப் பிறருக்குச் சொல்லலாகாது. முன்பின் அறியாதவர் அனுப்பிய கோப்பை நிறுவலாகாது. பணம் போனால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். நூலகப் பணியாளரும் உழவரின் கடவெண்ணைத் தாம் வாங்கி வைத்துக்கொள்ளாதிருத்தல் முறை. உதவியின் பெயரால் தொடங்கும் இப்பழக்கமே, கேட்பவர்க்கெல்லாம் எண்ணைச் சொல்லிவிடும் பழக்கத்தை உழவரிடம் வளர்த்துவிடுகின்றது.

ஒவ்வொருவரும் திரையைத் தொட்டே தீரவேண்டும் என்பதும் இல்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதியில் நடத்திய கிராம அறிவு மையங்களில், கணிப்பொறியில் வந்த செய்தி கரும்பலகையில் எழுதப்பட்டது. மீனவ ஊர்களில் கடலலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. சாதியோ பாலோ தடையாகாமல் எல்லோரும் வரக்கூடிய பொது இடத்திலேயே மையம் அமைய வேண்டும் என்பது அங்கு வகுத்துக்கொண்ட நிபந்தனை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபொழுது நல்லவாடு என்னும் ஊரில் மக்களை எச்சரித்து வெளியேற்றியது அந்த ஒலிபெருக்கிதான். விலையுயர்ந்த கருவி பழுதாகிக் கிடக்கும் நூலகமும் சுண்ணாம்புக் கட்டியும் பலகையும் கொண்டு பாதி வேலையைச் செய்துவிடலாம்.

நூலகம் திறந்திருக்கும் நேரத்தைப் பற்றியும் கூறவேண்டும். உழவர் வயலில் இருக்கும் பொழுது திறந்து, அவர் வீடு திரும்பும் பொழுது பூட்டப்படும் நூலகத்தால் அவருக்குப் பயன் இல்லை. மாலை நேரமே அவருக்கு உகந்தது. பெண்களுக்கோ பிற்பகல் ஏற்றது. நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்களே ஆயினும், வீட்டின் ஒரே திறன்பேசி ஆண்மகனின் சட்டைப் பையில் இருப்பதால், நூலகத்தின் கருவியே அவர்களுக்கு முதற் கருவியாகக் கூடும். குறைந்த மதிப்பூதியத்தில் உள்ள நூலகப் பணியாளரிடம் இவ்வளவையும் சுமத்துவது நியாயமா என்னும் கேள்வியும் எழுகின்றது. வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைக் கள ஊழியரும் மற்றொன்றை ஆசிரியரும் ஏற்றுக்கொண்டால் சுமை பங்கிடப்படும். நூலகரை மட்டும் நம்பித் தொடங்கிய வகுப்பு அவர் விடுப்பில் சென்ற நாளோடு நின்றுபோகும்.

எல்லா வினாவிற்கும் நூலகத்தில் விடை இராது. இருப்பதுபோல் காட்டிக்கொள்ளுதல் தீங்கு பயக்கும். இணையத்தில் யாரோ சொன்ன மருந்தளவை நம்பிப் பயிரைக் கருக விடுதல் எளிதில் நேர்ந்துவிடும். சொன்னவர் யார், எந்த ஊர் மண்ணிற்குச் சொன்னார், எந்த ஆண்டில் சொன்னார் என்று மூன்று கேள்வி கேட்கும் வழக்கத்தை உழவரிடம் உண்டாக்குதல் வேண்டும். ஐயம் நீங்காவிடின் 2004 முதல் இயங்கும் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அவரவர் மொழியில் விடை பெறலாம். இதற்குத் திறன்பேசியும் தேவையில்லை.

அங்கும் தீராத வினாக்களுக்காக நூலக மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். வினவியவரின் பெயர், பயிர், வினா, நாள் ஆகியவற்றைக் குறித்து, கள ஊழியர் ஊருக்கு வரும்போதெல்லாம் அதனை வேளாண் அறிவியல் மையத்திற்கு எடுத்துச் சென்று, விடையை அடுத்த பத்தியில் எழுதிக் கொணர்தல் வேண்டும். விடை எழுதப்படாத பத்திகள் பெருகுமாயின் உழவர் நூலகத்திற்கு வருவதை நிறுத்திக்கொள்வர்; ஆகவே கள ஊழியர் தம் அடுத்த பயணத்தில் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது அந்த நோட்டுப் புத்தகத்தையே.