ஆர்ம் செயலிக்குக் கம்பைலர் குறிகளைத் தேர்தல்

ஒரு வகைக் கணினியில் மற்றொரு வகைக் கணினிக்குரிய நிரலை ஆக்குங்கால், அது ஓடவேண்டிய செயலியின் இயல்பைக் கம்பைலருக்குக் குறிகளால் உணர்த்துதல் வேண்டும். சான்றாக, 2012-இல் வெளிவந்த முதல் ராஸ்பெர்ரி பை கருவியின் செயலி ஆர்ம் 6-ஆம் பதிப்பைச் சார்ந்தது. 7-ஆம் பதிப்புக்கென ஆக்கிய நிரல் பிழையின்றி உருவாகும். ஆயினும் அச்செயலி அறியாத கட்டளை வந்தவுடன் நின்றுவிடும்.

மிதவைப்புள்ளி எண்களைத் துணைநிரல்களுக்கு அனுப்பும் முறையும் கருதத்தக்கது. ‘ஹார்டு’ முறையில் அவை மிதவைப்புள்ளிப் பதிவகங்கள் வாயிலாகவும், ‘சாஃப்ட்’ முறையில் பொதுப் பதிவகங்கள் வாயிலாகவும் செல்கின்றன. முறை வேறுபட்ட நூலகங்களோடு நிரல் இணையாது.

ஆகவே, கட்டமைப்பின் பதிப்பு, மிதவைப்புள்ளி அலகு, எண்களை அனுப்பும் முறை ஆகிய மூன்றையும் கருவிக்கேற்ப உறுதிசெய்த பின்னரே வேகம் கூட்டும் குறிகளை ஆராய்தல் முறையாகும்.