கிளட்ச்சை விடும் இரண்டு விநாடி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மேனுவல் கியர் காரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருப்பது கிளட்ச். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல், கியர்பாக்ஸோடு இணைந்த கிளட்ச் பிளேட், அந்த பிளேட்டை ஃப்ளைவீல் மீது அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் ஆகிய மூன்றும் அதன் முக்கியப் பாகங்கள். பெடலை மிதித்தால் பிடி விலகி இன்ஜின் தனியாகச் சுற்றும். விட்டால் மூன்றும் ஒன்றாகச் சுற்றும்.

நிற்கும் காரை எடுக்கும்போது இன்ஜின் ஐட்லிங்கில் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சாதாரண ஹேட்ச்பேக் காரின் முதல் கியரில், இன்ஜின் ஏறத்தாழ 15 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். கிளட்ச் முழுவதும் சேர்ந்த நிலையில், ஐட்லிங்கிலேயே கார் மணிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் போகும். பூஜ்யத்திலிருந்து அந்த 6 கி.மீ. வேகத்தை எட்டும் வரை பிளேட் வழுக்கித்தான் ஆக வேண்டும். பெடலைப் பாதி விட்டு, பிளேட்டை இப்படி வழுக்கவிடும் நிலைதான் ஹாஃப் கிளட்ச். கார் ஓட்டக் கற்பவர்களிடையே புழங்கும் நம்பிக்கைகள் பலவும் இந்த வழுக்கலைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்தவை.

நம்பிக்கை: ஹாஃப் கிளட்ச் என்றாலே பிளேட் தேயும், காலைச் சட்டென்று எடுத்துவிட வேண்டும்.

உண்மை: ஹாஃப் கிளட்ச் இல்லாமல் எந்தக் காரும் நின்ற இடத்திலிருந்து நகராது. வழுக்குவதற்கென்றே பிளேட்டில் உராய்வுப் பட்டை பொருத்தப்பட்டிருக்கிறது. தேய்மானத்துக்குக் காரணம் வழுக்கும்போது பிறக்கும் வெப்பம். அந்த வெப்பத்தின் கணக்கு பலர் நினைப்பதற்கு மாறானது. சமதளத்தில் கார் தொடர்ந்து வேகமெடுத்தபடி இருந்தால், கிளட்ச் ஒரு விநாடி வழுக்கினாலும் இரண்டு விநாடி வழுக்கினாலும் மொத்த வெப்பம் ஏறக்குறைய ஒன்றே. அதைத் தீர்மானிப்பது இன்ஜினின் சுற்று வேகம்; சுற்று இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

ஓட்டுபவரோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள கார் ஐட்லிங்கில் நகரத் தொடங்கினால், கிளட்ச் ஏற்கும் வெப்பம் சுமார் 1.4 கிலோ ஜூல். அதே காரை 3000 சுற்றில் வைத்துக்கொண்டு எடுத்தால் அது 20 கிலோ ஜூலை நெருங்கும். ஆகவே குறைந்த சுற்றில் நிதானமாக விடும் ஹாஃப் கிளட்ச் பிளேட்டுக்குப் பெரிய பாரமில்லை. இன்ஜினை அலறவிட்டு விடும் ஹாஃப் கிளட்ச்தான் பிளேட்டைத் தின்கிறது.

நம்பிக்கை: ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் கிளட்ச்சை விட்டால் வண்டி ஆஃப் ஆகிவிடும்.

உண்மை: கார்புரேட்டர் காலத்தில் இது பெரும்பாலும் சரி. இன்ஜினின் சுற்று குறையும்போது அதற்குத் தக்கபடி பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் ஏற்பாடு அந்த இன்ஜின்களில் கிடையாது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டையொட்டி எம்.பி.எஃப்.ஐ. எனப்படும் எரிபொருள் செலுத்து முறை கார்களில் பரவலானதும் நிலைமை மாறியது. ஐட்லிங் சுற்று குறைவதை இன்ஜினின் கணினி உடனே உணர்ந்து, காற்றையும் எரிபொருளையும் கூட்டிச் சுற்றை நிலைநிறுத்துகிறது. அதனால் இன்றைய பெட்ரோல் காரைச் சமதளத்தில் கிளட்ச்சை மட்டும் மெல்ல விட்டே நகர்த்தலாம். டீசல் காரில் இது இன்னும் எளிது.

கற்பவருக்கு இதுவே நல்ல முதல் பயிற்சி. வலது காலைப் பிரேக்கின் மேல் தயாராக வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பத்துப் பதினைந்து முறை காரை நகர்த்தி நிறுத்தினால், இடது காலுக்கு கிளட்ச் பழகிவிடும். ஏ.சி. ஓடும்போதும், ஆட்கள் நிறைய ஏறியிருக்கும்போதும், ஏற்றத்திலும் ஆக்சிலரேட்டர் தேவைப்படும்.

நம்பிக்கை: பெடலைக் கீழிருந்து மேல் வரை ஒரே சீராக, மெதுவாக விட வேண்டும்.

உண்மை: பெடல் மேலே வரும் தூரம் மூன்று பகுதி கொண்டது. முதல் பகுதியில் பிளேட் எதையும் தொடுவதில்லை; அங்கே மெதுவாக விடுவது வெறும் நேர விரயம். நடுப்பகுதியில்தான் கிளட்ச் பிடிக்கத் தொடங்குகிறது. அந்த இடம் வந்ததும் சுற்றுமானியின் முள் சிறிது இறங்கும், இன்ஜினின் சத்தம் கனத்து ஒலிக்கும், பானெட் லேசாக நிமிரும். கால் அங்கே நிற்க வேண்டும். கார் ஓர் ஆள் வேகமாக நடக்கும் வேகத்தை எட்டியதும் மீதியுள்ள மூன்றாம் பகுதியை விட்டுவிடலாம்.

கற்பவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இந்த நடுப்பகுதியில் நிகழ்கிறது. கார் நகர ஆரம்பித்ததுமே வேலை முடிந்ததென்று காலை எடுத்துவிடுகிறார்கள். அப்போது காரின் வேகம் மணிக்கு 2 அல்லது 3 கி.மீ.தான், இன்ஜினின் சுற்றோ அதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்துக்கு உரியது. இரண்டும் திடீரென்று இணைக்கப்படும்போது, ஒன்று கார் குலுங்கி முன்னே பாயும், அல்லது இன்ஜின் நின்றுவிடும். கார் நகர்ந்த பிறகு ஒன்று அல்லது ஒன்றரை விநாடி கால் அசையாமல் நின்றாலே இந்தக் குலுங்கல் போய்விடும்.

நம்பிக்கை: ஒரு காரில் கிளட்ச் பிடிக்கும் இடம் பழகிவிட்டால் எல்லாக் காரிலும் அதுவேதான்.

உண்மை: அந்த இடம் காருக்குக் கார் மாறும், ஒரே காரிலும் காலப்போக்கில் மாறும். கேபிளில் இயங்கும் கிளட்ச்சில் பிளேட் தேயத் தேயப் பிடிக்கும் இடம் மேலே ஏறும். கேபிளை அட்ஜஸ்ட் செய்தால் இறங்கும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் தேய்மானத்தைப் பெரும்பாலும் தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும். புதிதாக ஒரு காரில் ஏறினால், சாலைக்குக் கொண்டுபோகும் முன் சமதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மெல்ல உயர்த்தினால், முள் இறங்கும் இடமே அந்தக் காரின் பிடிக்கும் இடம்.

உட்காரும் நிலையும் இதில் சேரும். பெடலை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி இருக்கையை நகர்த்திக்கொள்ள வேண்டும். காலை எட்டி நீட்டி மிதிப்பவருக்குப் பெடலின் நுண்ணிய அசைவு கைவராது.

நம்பிக்கை: வண்டி ஆஃப் ஆனால் இன்ஜினுக்குக் கேடு, குலுங்கினால் ஆக்சிலரேட்டரைக் கூட்ட வேண்டும்.

உண்மை: எப்போதாவது ஆஃப் ஆவதால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகிவிடாது. கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்து, சாவியைத் திருப்பினால் போதும். பின்னாலிருந்து ஹாரன் ஒலிக்கும்போது பதற்றத்தில் கிளட்ச்சை மிதிக்காமலே ஸ்டார்ட் செய்வதுதான் ஆபத்து. கியரில் இருக்கும் கார் ஸ்டார்ட்டரின் பலத்திலேயே முன்னே தாவும்.

கார் தவளைபோலக் குதிப்பதற்கும் காரணம் உண்டு. முதல் குலுக்கலில் உடல் பின்னே சாய, வலது கால் ஆக்சிலரேட்டரை விட்டு விலகுகிறது. அடுத்த குலுக்கலில் உடல் முன்னே வர, கால் மறுபடியும் அழுத்துகிறது. இப்படி ஓட்டுபவரின் காலே குலுக்கலை வளர்க்கிறது. ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் அது அடங்காது. கிளட்ச்சை ஒருமுறை மிதித்து, மறுபடியும் மெல்ல விடுவதே வழி.

நம்பிக்கை: ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு எடுப்பது கற்றுக்குட்டிகளின் வேலை, தேர்ந்த ஓட்டுநர் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்குவார்.

உண்மை: 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆம் விதி, ஓட்டுநர் தேர்வில் காட்ட வேண்டிய திறன்களைப் பட்டியலிடுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திய வண்டியை, ஹேண்ட்பிரேக்கின் துணையோடோ ஆக்சிலரேட்டரையும் கால் பிரேக்கையும் கையாண்டோ, பின்னுக்கு உருளாமல் எடுப்பது அவற்றுள் ஒன்று. கிளட்ச்சில் தாங்கி நிற்பதை அது திறமையாகக் குறிப்பிடவில்லை.

கிளட்ச்சில் தாங்குவது தவறாவதற்குக் காரணம் வெப்பம்தான். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், அதே 1000 கிலோ காரை 1200 சுற்றில் கிளட்ச்சால் தாங்கி நிறுத்தினால், சுமார் இரண்டரை கிலோவாட் சக்தி முழுவதும் பிளேட்டில் வெப்பமாகிறது. குளியலறை கீசர் ஒன்றை அந்தச் சிறிய தட்டின் மேல் போட்டுவைத்ததற்கு அது சமம். ஒரு நிமிடம் அப்படி நின்றால், சமதளத்தில் நூறு முறை நிதானமாக வண்டியை எடுத்ததற்கு ஈடான வெப்பம் சேர்ந்துவிடும். மேம்பால ஏற்ற நெரிசலிலும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் எழும் கருகல் வாடைக்குப் பெரும்பாலும் இதுவே மூலம். அந்த வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, கிளட்ச்சை ஆறவிட வேண்டும்.

சரியான முறை இது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, சுற்றை 1500 அளவுக்கு உயர்த்தி, கிளட்ச்சைப் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். முன்சக்கரங்கள் இழுக்க, பின்சக்கரங்களை ஹேண்ட்பிரேக் பிடித்திருப்பதால், காரின் பின்பகுதி சற்றுத் தாழும். அந்தக் கணத்தில் ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் கார் பின்னுக்கு வராமல் முன்னே நகரும். ஹில் ஹோல்டு வசதியுள்ள கார்களில், பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் சுமார் இரண்டு விநாடிக்குப் பிரேக் பிடித்திருக்கும். அதற்குள் கிளட்ச் பிடிக்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும்.

நம்பிக்கை: இரண்டாவது கியரில் எடுத்தால் குலுங்காது, பெட்ரோலும் மிச்சம்.

உண்மை: இது லாரி, பஸ் ஓட்டுநர்களிடமிருந்து வந்த பழக்கம். கனரக வாகனங்களின் முதல் கியர், பாரம் ஏற்றி மேடேறுவதற்கென்று மிகத் தாழ்வாக அமைந்தது. காலி வண்டியைச் சமதளத்தில் இரண்டாவது கியரில் எடுப்பது அங்கே நியாயம். காரில் அப்படியில்லை. இரண்டாவது கியரில் கிளட்ச் முழுவதும் சேர, ஐட்லிங்கில்கூட மணிக்கு 11 கி.மீ. வேகம் வேண்டும். கிளட்ச் ஏற்கும் வெப்பம் மூன்று மடங்குக்கு மேல் கூடும். சேற்றிலும் ஈரப் புல்லிலும் சக்கரம் வழுக்காமலிருக்க இரண்டாவது கியர் உதவும். மற்ற இடங்களில் முதல் கியரே சரி.

நம்பிக்கை: சிக்னலில் கியரைப் போட்டு கிளட்ச்சை மிதித்தபடி நின்றால்தான் சட்டென்று கிளம்ப முடியும்.

உண்மை: பெடல் மிதிபட்டிருக்கும் நேரம் முழுவதும் கிளட்ச் பேரிங் பாரத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும். கால் சோர்ந்து பெடல் சற்றே உயர்ந்தால் பிளேட்டும் உரசத் தொடங்கும். நியூட்ரலில் நின்று, சிக்னலின் எண்கள் 4 அல்லது 3-க்கு இறங்கும்போது கியர் போட்டால், பச்சை விழும் நேரத்துக்குக் கிளட்ச் பிடிக்கும் இடத்தில் இருக்கும். ஓடும் காரில் கிளட்ச் பெடல் மேல் காலை ஊன்றிவைக்கும் பழக்கமும் இதே சேதத்தைத்தான் செய்கிறது.

நம்பிக்கை: வேகமாகக் கிளம்ப வேண்டுமானால் நன்றாக ரேஸ் செய்து கிளட்ச்சை விட வேண்டும், மென்மையும் வேகமும் ஒன்றாக வாராது.

உண்மை: மூன்று விநாடிக்குள் 20 கி.மீ. வேகத்தைத் தொடுவது நகரப் போக்குவரத்தில் நல்ல விறுவிறுப்பு. 1000 கிலோ காருக்கு அதற்குத் தேவையான முறுக்கு விசை, 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 1500 சுற்றில் தரக்கூடியதில் ஏறத்தாழ பாதிதான். 1500-க்கு மேல் ரேஸ் செய்வதால் சத்தமும் வெப்பமும் கூடுகின்றனவே தவிர, கார் அந்த அளவுக்கு முந்துவதில்லை. கிளட்ச்சை ஒரேயடியாக விட்டால் டயர் தரைப்பிடியை இழந்து சுழலும். அப்படிச் சுழலும் டயர் பிடியோடு உருளும் டயரைவிடக் குறைவாகவே தள்ளும். முன்சக்கர இழுவைக் காரில் வேகமெடுக்கும்போது பாரம் பின்னே சாய்வதால், முன்டயர்களின் பிடி மேலும் குறையும்.

வேகமாகவும் மென்மையாகவும் கிளம்பும் முறை ஒன்றேதான். பெடலின் முதல் பகுதியைச் சட்டென்று விட்டு, பிடிக்கும் இடத்தில் நிறுத்தி, சுற்றை 1500 அளவில் நிலையாக வைத்து, மணிக்கு 10 கி.மீ. வேகத்தைத் தாண்டும் வரை கிளட்ச்சைப் படிப்படியாகச் சேர்த்து, அதன் பிறகு ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டும். வழுக்கல் ஒன்றரை விநாடியில் முடிந்துவிடும். பயிற்சியையும் இதே வரிசையில் அமைத்துக்கொள்ளலாம்: முதலில் ஆக்சிலரேட்டர் இல்லாமல் சமதளத்தில், அடுத்து சுற்றை 1200 முதல் 1500 வரை வைத்து, பிறகு ஹேண்ட்பிரேக்கோடு ஏற்றத்தில், கடைசியாகப் போக்குவரத்து நடுவே.